நஞ்சுக்கொடி வெறும் வடிகட்டி அல்ல

“நஞ்சுக்கொடி ஒரு கோட்டைச் சுவர். தாய்க்கு எந்தத் தொற்று வந்தாலும் குழந்தையை எட்டாது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. பாதி உண்மை, அதனால்தான் ஆபத்து.

தாயின் ரத்தத்தைத் தொடும் வெளிப்படலம் பல செல்கள் ஒன்றாக இணைந்து உருவானது. செல்களுக்கிடையே இடுக்கு இல்லாததால் பாக்டீரியா நுழைவது கடினம். சரி, அதோடு முடிந்ததா? இல்லை. நஞ்சுக்கொடிச் செல்களில் உள்ள ‘டோல்’ வகை ஏற்பிகள் (கிருமியை உணரும் புரதங்கள்) பாக்டீரியாவின் மேலுறைப் பொருள்களை அடையாளம் கண்டு, இன்டர்லூகின் போன்ற எச்சரிக்கைப் புரதங்களைச் சுரக்கச் செய்கின்றன. உள்ளே ஹாஃப்பாவர் செல்கள் என்ற காவல் செல்கள் கிருமிகளை விழுங்குகின்றன. தாயின் நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான இயற்கைக் கொல்லி செல்களோ மெல்லிய குழாய்கள் வழியாக கிரானுலைசின் என்ற புரதத்தை நஞ்சுக்கொடிச் செல்லுக்குள் செலுத்துகின்றன; செல் பிழைக்கிறது, உள்ளே ஒளிந்த லிஸ்டீரியா என்ற பாக்டீரியா சாகிறது! (எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இது.)

ஆனாலும் லிஸ்டீரியாவும் சிஃபிலிஸ் கிருமியும் சில நேரம் கடந்துவிடுகின்றன. சில பாக்டீரியாக்கள் பிறப்புறுப்பு வழியாக மேலேறி வருகின்றன. அப்புறம், கிருமி குழந்தையை எட்டாவிட்டாலும், எதிர்ப்பில் எழும் அழற்சியே குறைப்பிரசவத்தைத் தூண்டலாம். கர்ப்பகாலக் காய்ச்சலை மருத்துவரிடம் காட்டாமல் விடாதீர்கள்.