சுவிட்ச் போட்டால் மேளம்

காலை 5.40. தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் யாரோ சுவிட்சைத் தட்டுகிறார்கள். டங்கு டங்கு டங்கு டங்கு, டிங்டிங்டிங்டிங், டங்கு டங்கு டங்கு டங்கு. ஐந்து வருஷமாக எனக்குப் பொழுது இப்படித்தான் விடிகிறது.

இந்த மோட்டார் மேளத்தைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஒரு இரும்புச் சட்டம். அதில் ஒரு டிரம், ஒரு சேகண்டி, இரண்டு மூன்று மணிகள். கீழே ஒரு சின்ன மோட்டார். அது சுற்றச் சுற்ற, தண்டில் கோத்த வளைந்த கம்பி குச்சிகளைத் தூக்கித் தூக்கிப் போடும். அவை விழுகிற இடத்தில் சத்தம் வரும். அவ்வளவுதான் சூட்சுமம். மாவு மில்லிலும் இதே வேலைதான் நடக்கிறது, ஆனால் அங்கே கடைசியில் மாவாவது கிடைக்கும்.

எங்கள் கோயில் மேளத்துக்கு இன்னொரு விசேஷம் உண்டு. பெல்ட் தளர்ந்துவிட்டது. அதனால் ஐந்தாவது சுற்றிலோ ஆறாவது சுற்றிலோ ஒரு அடி தாமதமாக விழும். டங்கு டங்கு டங்கு டங்... கு. அந்த ஒரு 'கு' எப்போது வரும் என்று தெரியாமல் படுக்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற வேதனை இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

பிடிக்காத வாத்திய ஒலி எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். புதிதாக வயலின் கற்றுக்கொள்கிற பிள்ளையின் இழுப்பு என்பார்கள். எங்கள் மாடி வீட்டுப் பெண் இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பாடமான சரளி வரிசையில் தொடங்கினாள். பூனை வாலை மிதித்த மாதிரித்தான் இருந்தது ஆரம்பத்தில். ஒரு நாள்கூட எனக்குக் கோபம் வந்ததில்லை. நேற்றைவிட இன்று ரிஷப சுரம் கொஞ்சம் இடத்துக்கு வந்திருக்கிறதே என்று காபியைக் குடித்துக்கொண்டே கேட்பேன். இப்போது வர்ணம் வரைக்கும் வந்துவிட்டாள். தேர்த்திருவிழாவில் பொடிசுகள் ஊதித் தள்ளுகிற பிளாஸ்டிக் பீப்பியைக்கூட மன்னித்துவிடுவேன், திருவிழா மூன்று நாளில் முடிந்துவிடும். மோட்டார் மேளம் அப்படியில்லை. இன்று எவ்வளவு மோசமோ நாளைக்கும் அதே மோசம். அதற்குப் பயிற்சியும் கிடையாது, சலிப்பும் கிடையாது.

சரி, பிடித்தது எது? அதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். நாயனம். அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதல்ல, தூரத்திலிருந்து வருவது. நான் வளர்ந்தது மயிலாடுதுறைப் பக்கம் ஒரு கிராமத்தில். மார்கழி விடியலில், வயலுக்கு அந்தப் பக்கம் சிவன் கோயிலிலிருந்து நாயனச் சத்தம் வரும். பனியில் நனைந்து, ஓரமெல்லாம் மழுங்கி, காற்று திரும்பினால் காணாமல் போய், மறுபடி எட்டிப் பார்க்கும். விடியலில் பூபாளம், ராத்திரி பள்ளியறைக்கு நீலாம்பரி. கடிகாரம் பார்க்கத் தெரியாத வயசிலேயே ராகத்தை வைத்து நேரம் தெரியும். பெயர் தெரியாது, ஆனால் 'இது தூங்கப் போற பாட்டு' என்று தெரியும். சாமி புறப்பாட்டுக்கு முன்னால் கம்பீர நாட்டையில் மல்லாரி கிளம்பினால் தெருவே எழுந்து வாசலுக்கு வந்துவிடும்.

(நாகஸ்வரம் என்று எழுது, நாதஸ்வரம் என்று எழுதாதே என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் நாயனம்தான்.)

அந்தச் சத்தம் சும்மா வந்துவிடவில்லை. கும்பகோணம் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாயனம் செய்கிறார்கள். புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல பத்தாண்டுகள் காய்ந்து இறுகிய தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்குவார்கள். யாரோ ஒரு கொள்ளுத்தாத்தாவின் வீட்டுத் தூண் இன்னொருவர் வாயில் தோடி ராகம் பாடும். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாயனத்தின் வாயில் மாட்டி ஊதுகிற சீவாளி தனிக் கலை. கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி, இழைத்து, கட்டி, திருவாவடுதுறையில் செய்வார்கள். நாயனத்தில் ஊசியோடும் நூலோடும் நாலைந்து சீவாளி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அழகுக்கு இல்லை. ஒன்று மக்கர் செய்தால் அடுத்ததை மாட்ட. கச்சேரிக்கு முன்னால் வாயில் வைத்து நனைத்து 'ப்பீ, ப்பீ' என்று சோதிப்பார்களே, எனக்கு அந்தக் கிறீச்சு ஒலிகூடப் பிடிக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் இலை போடுகிற சத்தம் மாதிரி.

முன்னெல்லாம் திமிரி நாயனம்தான். நீளம் குறைவு, சுருதி உச்சம், ஊரைத் தாண்டிக் கேட்கும். நாயன மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை அதை விட்டு நீளமான பாரியை எடுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரி அதைச் செய்து கொடுத்தார். ஒலி கீழிறங்கியது, கனத்தது. ஒரு கலைஞர் காதில் ஒரு ஒலியைக் கேட்டுவிட்டு, ஒரு ஆசாரி அதை மரத்தில் தேடி எடுத்திருக்கிறார். அப்படி இரண்டு பேர் மெனக்கெட்ட மண்ணில்தான், குச்சி தானாக விழுந்தால் போதும் என்று இன்னொரு கண்டுபிடிப்பும் வந்திருக்கிறது.

சத்தம் தாங்கவில்லையா என்று கேட்கிறார்கள். அதுவல்ல விஷயம். சட்டம் பேசவேண்டுமானால் பேசலாம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45, அதில் இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 வரை. 5.40-க்கு ஓடுகிற மோட்டாரை வைத்து மனு எழுதலாம். ஆனால் அந்தக் கணக்குப்படி பார்த்தால் தவிலும் நாயனமும் இதைவிடப் பெரிய குற்றவாளிகள். தவிலுக்குப் பலா மரத்தைக் குடைந்த உடம்பு, வலந்தலை என்கிற வலப்பக்கத்தில் கூடு மாட்டிய விரல்கள், தொப்பி என்கிற இடப்பக்கத்தில் குச்சி. கிட்டத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்கூடு அதிரும். அந்தச் சத்தத்தை நான் காசு கொடுத்து, பஸ் பிடித்துப் போய்க் கேட்கிறேன். ஆக, எவ்வளவு சத்தம் என்பதில்லை என் வழக்கு.

என் வழக்கு என்னவென்றால், மோட்டாருக்குக் கண் இல்லை.

தீபாராதனையின்போது மேளக்காரரை கவனித்திருக்கிறீர்களா? கை தவிலில், கண் குருக்கள் கையில். திரை விலகும்போது ஒரு அடி. அடுக்கு தீபம் சுற்றும்போது ஒரு நடை. கடைசியில் கற்பூரம் மேலே ஏறும்போது வேகம் ஏறும், நம் கையும் தானாகக் கன்னத்துக்குப் போகும். கல்யாணத்திலும் அப்படித்தான். பெரியவர் ஒருவர் விரலை ஆட்டி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்று கத்துவது ஒரு பக்கம். நல்ல தவில்காரர் அதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கை நடுங்குகிறதா, முடிச்சு விழ நேரமாகுமா, எத்தனை நேரம் இழுக்க வேண்டும் எல்லாம் அவருக்குத் தெரியும். யாரும் தும்மினாலும் அபசகுனமாகப் பேசினாலும் கேட்காமல் மூடுகிற போர்வை அந்தக் கெட்டிமேளம்.

மோட்டாருக்கு இதில் எது தெரியும்? திரை மூடியிருந்தாலும் டங்கு டங்கு, திறந்தாலும் டங்கு டங்கு. போன ஆடி வெள்ளியன்று குருக்கள் ஆரத்தி முடித்து, விபூதி கொடுத்து, வெளியே வந்து ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். உள்ளே மேளம் ஓடிக்கொண்டிருந்தது. அணைக்கணும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஃபேன் ஓடுவது மாதிரி ஆகிவிட்டது. சாமிக்கு முன்னால் வாசிக்கப்படும் ஒரு வாத்தியம், யாருமே கேட்காத ஒரு வாத்தியம். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்தது, கோபத்தில்தான்.

கமிட்டிப் பெரியவரிடம் போய்ச் சொன்னேன். "ஐயா, பெல்ட்டையாவது மாத்துங்க."

"தம்பி, இது சாமி காரியம். உங்களுக்குத் தொந்தரவா இருக்கா?"

"தொந்தரவு இல்லைங்க ஐயா. தாளம் தப்புது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உபயதாரர் குடுத்தது. அவரைக் கேக்காம கை வைக்க முடியாது." திரும்பிப் பார்த்தால், ஆமாம், டிரம்மின் முகத்திலேயே சிவப்பு பெயிண்டில் உபயம். தாத்தா பெயர், அப்பா பெயர், பேரன் பெயர். குச்சி விழுகிற இடத்தில் தாத்தா பாதி அழிந்துபோயிருந்தார்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்த மோட்டார் வந்து எங்கள் கோயிலில் எந்த வித்வானின் சோற்றிலும் மண் போடவில்லை. இது தெருப் பிள்ளையார் கோயில், இங்கே என்றைக்கும் மேள செட் இருந்ததில்லை. ஒரு செட்டுக்கு நாயனம், தவில், தாளம், சுருதி என்று ஆட்கள் வேண்டும், அவர்கள் குடும்பம் நடத்த வேண்டும், உண்டியல் காசில் அது முடியாது. பழனி மாதிரிப் பெரிய கோயில் தவில், நாதஸ்வரப் பள்ளியே நடத்துகிறது, அந்தக் கதை வேறு. எங்கள் கோயிலில் மோட்டார் விரட்டியது யாரை என்றால், பையன்களை. முன்பு சேகண்டி அடிக்கத் தெருப் பையன்களுக்குள் அடிதடியே நடக்கும். ஒருத்தன் மணி, ஒருத்தன் சேகண்டி, கைக்கு எதுவும் கிடைக்காதவன் கை தட்டுவான். தாளம் அதிலும் தப்பும்தான். ஆனால் கற்பூரம் ஏறும்போது ஒரு பயலுக்கும் சொல்லிக்கொடுக்காமலே வேகம் ஏறும். இப்போது அந்தப் பையன்கள் வாசலில் நின்று ஃபோன் பார்க்கிறார்கள். மோட்டார் கை தட்டுகிறது.

இந்த வியாதி கோயிலோடு நிற்கவில்லை. காதுகுத்து, புதுமனைப் புகுவிழா என்றால் ஒரு கீபோர்டும் ரிதம் பேடும் வந்து இறங்குகின்றன. 'நாதஸ்வர டோன் இருக்கு சார்' என்பார் கீபோர்டுக்காரர். பலவற்றில் இருக்காது. 1991-இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொதுத்தரம்தான் பல கீபோர்டுகளுக்கு அடிப்படை. அதில் மொத்தம் 128 ஒலிகள், 112-ஆவது ஷெனாய், நாயனத்தின் வடக்கத்திச் சொந்தம். நாயனம் பட்டியலிலேயே கிடையாது. அந்த ஷெனாயையும் ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பார். நாயனக்காரர் துளையைப் பாதி மூடி, மூச்சை அழுத்தி, உதட்டை இறுக்கி ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவார். கட்டைக்குக் கட்டை தாவுகிற கீபோர்டில் தோடியின் காந்தாரத்தை எங்கே போய்த் தேடுவது? பாவம் ஆர்மோனியம், இதே குற்றத்துக்காக அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்தது, 1971 வரை தடை தொடர்ந்தது. அந்த ஆர்மோனியத்துக்காவது துருத்தி போட ஒரு கை வேண்டியிருந்தது.

அப்புறம் மைக். நாயனம் திறந்த வெளிக்கான வாத்தியம், ராஜவீதியில் நடந்துகொண்டே ஊதுவதற்கானது. அதைக் கொண்டுபோய் நாலு பக்கமும் டைல்ஸ் ஒட்டிய ஏ.சி. மண்டபத்தில் உட்காரவைத்து, நாயனத்தின் விரிந்த அடிவாயான அணசுக்குள் மைக்கைத் திணித்து, டிஜே ஸ்பீக்கரில் விடுகிறார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு 'இந்த நாதஸ்வரமே இரைச்சல்பா' என்கிறார். எனக்கு ரசம் தொண்டையில் இறங்கவில்லை. இரைச்சல் யார் செய்தது, பழி யார் தலையில்!

இதற்கெல்லாம் சிகரம், போன தையில் சொந்தக்காரர் வீட்டுக் கோயில் கல்யாணம். சிக்கனக் கல்யாணம், மேளம் வைக்கவில்லை, அதில் தப்பில்லை. மாப்பிள்ளையின் தம்பி ஃபோனை ஸ்பீக்கரோடு இணைத்துக் கெட்டிமேளம் போட்டான். தாலியை எடுத்தாயிற்று. அட்சதை கையில் இருக்கிறது. நாயனம் உச்சிக்கு ஏறி, சட்டென்று நின்றது. ஒரு பெண் குரல், படு குஷியாக: 'உடனடி தனிநபர் கடன் வேண்டுமா?' ஐந்து விநாடி தாண்டினால்தான் தவிர்க்க முடியுமாம். முதல் முடிச்சு அந்த ஐந்து விநாடிக்குள் விழுந்தது.

போன வாரம் எங்கள் தெருவில் காலையில் கரண்ட் போனது. மோட்டார் பாதி 'டங்'கில் நின்றது. அப்பாடா என்று எழுந்து ஜன்னலைத் திறந்தேன். குருக்களின் கைமணி மட்டும் மெல்லக் கேட்டது, கூடவே யாரோ ஒரு வாண்டு சேகண்டியைக் கம்பியால் தட்டிக்கொண்டிருந்தான், தப்பும் தவறுமாக. ஆரத்தி நேரம் வந்ததும் வேகமாகத் தட்டினான். அன்றைக்குத்தான் நான் ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் கமிட்டிக்காரர்கள் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நின்றார்கள். கரண்ட் போனால் மேளம் நின்றுவிடுகிறதாம், அபசகுனமாக இருக்கிறதாம், இன்வெர்ட்டர் வாங்கப் போகிறார்களாம். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உள்ளே போய் 501 ரூபாயை எடுத்து வந்து என் கையில் திணித்தாள். ரசீது என் பெயரில்தான் இருக்கிறது. இன்வெர்ட்டரிலும் பெயர் எழுதுவார்களாம்.