மொட்டை வெயிலில் குதிரை சவாரி, அதுக்கு 1,500 ரூபாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், குதிரை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கூடவே நடந்த அந்தப் பையன் மேலும் இல்லை. கோபமெல்லாம் கடற்கரைச் சாலையான ஈசிஆர் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பை வளைத்து வேலி போட்டு, நாலு குதிரையைக் கட்டி, வாசலில் பழைய மாட்டுவண்டிச் சக்கரம் ஒன்றைச் சாய்த்து வைத்துவிட்டு, 'பண்ணையில் ஒரு மதியம், குதிரை முதுகில்' என்று இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுகிறவர்கள் மேல்தான்.

மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை. தலைக்கு 1,500 ரூபாய், முழுப் பணமும் முன்கூட்டியே கட்டணும், வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. மே மாதம், கத்திரி வெயில். இந்த நேரத்தைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. காலை ஆறு மணிக்குக் கொடுங்களேன் என்று போனில் கேட்டதற்கு, "அது மெம்பர்ஸுக்கு மட்டும் மேடம்" என்று பதில். ஆக, மெம்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இளங்காற்று, எங்களுக்கு மொட்டை வெயில். சரி, நாமாவது மோர் குடிக்கலாம், முடியாவிட்டால் காருக்குள் ஏசி போட்டு உட்காரலாம். காலையிலும் சவாரி போய்விட்டு மதியமும் வந்து நிற்கிற அந்தக் குதிரை எங்கே போய் உட்காரும்?

இதில் நம்மைப் போலத்தான் குதிரையும். வியர்த்துத்தான் உடம்பைக் குளிர வைத்துக்கொள்ளும். கடலோரப் புழுக்கத்தில் அந்த வியர்வை காயவே காயாது, சூடு உள்ளேயே நிற்கும். சாதாரண நாளிலேயே பெரிய குதிரை ஒன்று 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும், வெயிலில் வேலை செய்தால் இன்னும் அதிகம். அங்கே நான் பார்த்தது அரை வாளி, அதிலும் சவுக்கு ஊசி மிதந்தது. சுமை தூக்குகிற, வண்டி இழுக்கிற விலங்குகளுக்காக 1965-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறது: வெப்பம் 37 டிகிரியைத் தாண்டுகிற இடத்தில் பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை அவற்றை வேலை வாங்கக் கூடாது. ஆள் ஏறினால் அது சுமை இல்லையா, சவாரி என்று பெயர் வைத்தால் வெயில் குறைந்துவிடுமா என்று கேட்டேன். மேனேஜர் சிரித்தார். சிரிக்கத்தான் செய்தார்.

இன்னொன்று, எடை. அதே விதிகளில் மட்டக்குதிரை மேல் ஏற்றக்கூடிய சுமைக்கு 70 கிலோதான் உச்சவரம்பு. குதிரை பழக்குகிறவர்களின் பொதுக் கணக்கு, சேணத்தையும் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதே என்பது. அதாவது 400 கிலோ குதிரைக்கு ஆளும் சேணமும் சேர்த்து 80 கிலோ. அன்றைக்கு யாரிடமும் எடை கேட்கவில்லை. எனக்கு முன்னால் ஏறிய அண்ணன் நூறு கிலோவுக்குக் குறையமாட்டார், மடியில் மகனையும் தூக்கி வைத்துக்கொண்டார், செல்ஃபிக்காக. அவர் உட்கார்ந்ததும் குதிரை முதுகை நெளித்துக் காதைப் பின்னால் மடக்கியது. வலிக்கிறது, விடு என்று ஒரு குதிரை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. "செமயா போஸ் குடுக்குது பாருங்க" என்றார்கள்.

கல்லூரிக் காலத்தில் என்.சி.சி. குதிரைப் பிரிவில் இருந்தவள் நான். சாணி அள்ளாமல், குளம்பைத் தூக்கிச் சுத்தம் பண்ணாமல் சேணத்தைத் தொட விடமாட்டார்கள், அவ்வளவு கண்டிப்பு. அதனால்தான் இவ்வளவு எரிச்சல். ஏறுவதற்கு முன் வயிற்று வாரை ஒரு தடவை இறுக்கினால் போதாது. வார் கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், கொஞ்சம் நடக்க வைத்து மறுபடி இறுக்கணும், இல்லாவிட்டால் சேணத்தோடு ஆள் சரிவார். கால் வைக்கிற வளையமான அங்கவடியின் நீளத்தை ஆளுக்கு ஆள் மாற்றணும். செருப்போடு ஏற விடவே கூடாது, பாதம் முழுசாக உள்ளே போய் மாட்டிக்கொண்டால் விழுகிறபோது குதிரை இழுத்துக்கொண்டே ஓடும். இதெல்லாம் முதல் நாள் பாடம். அங்கே ஹவாய் செருப்போடு ஏறினார்கள், கால் எட்டாத குழந்தைகள் அங்கவடி வாருக்குள் காலைச் சொருகிக்கொண்டார்கள். ஹெல்மெட் மூன்றே மூன்று, வாரில் கொக்கி போன கிரிக்கெட் ஹெல்மெட் ஒன்றும் அதில் அடக்கம்.

"அண்ணா, வாரை ஒரு தடவை பாருங்க" என்றதற்கு மேனேஜர், "அதெல்லாம் பழகின குதிரைங்க மேடம், எக்ஸ் ரேஸ் ஹார்ஸ்" என்று பெருமையாகச் சொன்னார். ஓடுவதற்காகவே வளர்த்த குதிரையைக் குழந்தைகள் ஏறுகிற குதிரையாக மாற்ற மாதக்கணக்கில் மறுபயிற்சி வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் பேசுகிறாரா! வாருக்குக் கீழே முடி உதிர்ந்து ரத்தச் சிவப்பாக உள்ளங்கை அளவுக்குப் புண். மேலே மஞ்சளை அப்பியிருந்தார்கள். அதற்கு மேலேயே வார்.

என் முறை வந்தபோது மணி மூன்றரையைத் தாண்டிவிட்டது. ஒரு ஸ்லாட்டுக்கு எத்தனை பேரிடம் காசு வாங்கினார்களோ, தோப்பு முழுக்க ஆட்கள். ரெண்டு மணி நேரம் என்றால் ரெண்டு மணி நேரம் சவாரி இல்லையாம், 'பண்ணை அனுபவமாம்'. அதில் வாத்து பார்ப்பதும் அடக்கம், ஒரு டம்ளர் ரஸ்னாவும் அடக்கம். சவாரி என்பது வேலியை ஒட்டி ரெண்டு சுற்று, அதுவும் கயிறு பையன் கையில். நான் ஏறவில்லை, அந்தப் புண்ணைப் பார்த்துவிட்டு எப்படி ஏறுவது? தங்கச்சி மகனையும் ஏற்றவில்லை. அவன் அழுதான். பக்கத்தில் இருந்த அக்கா ஒருத்தர், "காசு கட்டியாச்சு, ஏத்தி விடுங்களேன், புள்ள ஆசப்படுதுல்ல" என்றார். காசு கட்டியாச்சு என்கிற இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள்.

குதிரை வைத்துக் காசு பார்ப்பதே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், காது ரெண்டும் நுனியில் வளைந்து தொட்டுக்கொள்கிற மார்வாரிக் குதிரைக்கும் கத்தியவார்க் குதிரைக்கும் லட்சக்கணக்கில் விலை பேசுவார்கள். அங்கேயும் வியாபாரம்தான். ஆனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, குளம்பைத் தூக்கிப் பார்த்து, நடையைப் பார்த்து வாங்குகிற ஆளிடம் புண்ணுக்கு மேல் வார் கட்டிய குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தினால் முகத்துக்கு நேரே திட்டுவார். இங்கே வருகிறவர்களுக்கு வேண்டியது போட்டோ, அதனால் பிடரி மயிர் மட்டும் ஷாம்பு போட்டுப் பளபளவென்று இருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பாலிசி இல்ல மேடம்." சரி, கால்நடை மருத்துவர் கடைசியாக எப்போது வந்தார், லாடம் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். "நீங்க ப்ளூ கிராஸா?" என்றார். கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் எங்கிருந்தாவது வந்தவர்களாகத்தான் இருக்கணும் போல! ராத்திரி புண்ணின் போட்டோவோடு ரிவ்யூ எழுதினேன். காலையில் உரிமையாளரே போன் பண்ணினார், ரிவ்யூவை எடுத்துவிட்டால் ஆறு மணி ஸ்லாட்டே தருகிறாராம், இலவசமாக, குடும்பத்தோடு.

அந்தப் புண் பட்ட குதிரைக்கு ரெண்டு வாரம் லீவு கொடுங்கள், ரிவ்யூவை எடுக்கிறேன் என்றேன். "சீசன் டைம் மேடம்" என்று வைத்துவிட்டார். ரிவ்யூ இன்னும் அங்கேதான் இருக்கிறது, போட்டோவும்.