காதுக்கு எழுதியவர்

அமெரிக்க வானொலி நாடக எழுத்தாளர் லூசில் பிளெட்சரைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "சைக்கோ படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மனின் முன்னாள் மனைவிதானே?" என்று கேட்கிறார்கள். 1939-இல் மணந்து 1948-இல் பிரிந்தவர்கள். சைக்கோ வெளிவந்தது 1960-இல். ஒரு எழுத்தாளருக்கு இப்படியொரு அடையாள அட்டை எனக்கு எரிச்சலையே தருகிறது.

1912-இல் புரூக்ளினில் பிறந்து, வாசர் கல்லூரியில் படித்து, சி.பி.எஸ். வானொலியில் எழுத்தராகச் சேர்ந்தவர் அவர். 1943 மே 25 அன்று 'சஸ்பென்ஸ்' தொடரில் ஒலிபரப்பான அவருடைய 'ஸாரி, ராங் நம்பர்' அரைமணி நேர நாடகம்தான். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் ஒரு பணக்காரப் பெண், கணவனின் அலுவலகத்துக்கு ஃபோன் செய்யும்போது கிராஸ் டாக்கில், அதாவது இணைப்பு குழம்பி வேறொரு உரையாடல் காதில் விழுவதில், இரண்டு ஆண்கள் ஒரு கொலைக்கு நேரம் குறிப்பதைக் கேட்டுவிடுகிறாள். இரவு பதினொன்றேகால், பாலத்தின் மேல் ரயில் ஓடும் நேரம், அலறினாலும் வெளியே கேட்காது. ஆபரேட்டர், போலீஸ் என்று அவள் ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறாள்; ஒவ்வொருவரும் மரியாதையாகக் கைவிரிக்கிறார்கள். பார்வையற்ற ஊடகமான வானொலிக்குத் தொலைபேசியைக் கதைக்களமாக்கியதில்தான் பிளெட்சரின் மேதைமை இருக்கிறது என்பது என் எண்ணம்: அவளுக்குக் கேட்பது மட்டுமே நமக்கும் கேட்கிறது, அதற்கு மேல் ஒரு துளியும் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேட்டபோது, அந்த டயல் சுழன்று திரும்பும் ஒலியே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அந்தப் பெண்ணாக நடித்த அக்னஸ் மூர்ஹெட்டின் குரல் அபாரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்தக் குரல் படிப்படியாக உடைவதற்கான படிகளைக் கட்டியவர் பிளெட்சர். 1948-இல் பார்பரா ஸ்டான்விக் நடித்த திரைப்படத்துக்கும் அவரே திரைக்கதை எழுதினார். அதில் முன்கதைகள் சேர்ந்துகொண்டன, பயம் நீர்த்துப்போனது. கணவனின் முகத்தைப் பார்த்துவிட்ட பிறகு அஞ்சுவதற்கு என்ன மிச்சம்?

1941-இல் ஆர்சன் வெல்ஸ் நடித்த 'தி ஹிட்ச்-ஹைக்கர்' வானொலி நாடகமும் பிளெட்சருடையதே. பின்னாளில் அதை 'ட்விலைட் ஸோன்' தொலைக்காட்சித் தொடர் எடுத்தாண்டதால், அந்தக் கதையையே அத்தொடரை உருவாக்கிய ராட் செர்லிங்கின் கற்பனை என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1960-இல் 'பிளைண்ட்ஃபோல்ட்' தொடங்கி 1988-இல் 'மிரர் இமேஜ்' வரை மர்ம நாவல்களும் எழுதினார், 2000-இல் மறைந்தார். நாவல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த அரைமணி நேரத்தைக் கேளுங்கள், 1943-இல் கேட்டவர்களைப் போலவே, இரவில்.