கரை நகரும் ஊரில் ஐந்து கலங்கரை விளக்கங்கள்

இங்கிலாந்தின் கென்ட் கடற்கரையில் டன்ஜனெஸ் என்றொரு முனை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கூழாங்கல்தான். பிரிட்டனின் செடி இனங்களில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 600 வகை, இங்கே வளர்கிறது. 1998 முதல் இது தேசிய இயற்கைக் காப்பகம். வருகிறவர்கள் பழைய கலங்கரை விளக்கத்தில் 169 படி ஏறிப் படமெடுத்துப் போடுகிறார்கள். நல்லதுதான். அந்த விளக்கை ஏன் கைவிட்டார்கள் என்பதையும் நாம் பேச வேண்டும்.

அலை கற்களை மேற்கிலிருந்து உருட்டிவந்து கிழக்கே குவிப்பதால் முனை கடலுக்குள் வளர்ந்துகொண்டே போகிறது. 1615-இல் எழுந்த முதல் விளக்கு வெறும் நிலக்கரி நெருப்பு. செலவுக்குக் கப்பல்களிடம் கட்டணம் வசூலித்தார்கள். இருபதே ஆண்டில் கடல் விலகிப்போனது. நெருப்பு ஓரிடத்தில், கரை இன்னோரிடத்தில் என்றால் மாலுமி எதை நம்புவான்? 1635-இல் பழையதை இடித்துவிட்டுக் கடலையொட்டி இரண்டாவதைக் கட்டினார்கள். அதுவும் உள்ளே தள்ளிப்போக, 1792-இல் சாமுவேல் வயட் வடிவமைத்த மூன்றாவது வந்தது. 1862-இல் அதில் மின்விளக்கு எரிந்தது. கலங்கரை விளக்கங்களில் மின்சாரம் கண்ட முதல் சிலவற்றில் இதுவும் ஒன்று. அப்புறம் எண்ணெய்க்கே திரும்பினார்கள் என்பது வேறு கதை. 1904-இல் நான்காவது வந்ததும் மூன்றாவதை இடித்தார்கள். இன்று 169 படி ஏறிப் பார்ப்பது இந்த நான்காவதைத்தான். ஆனால் அதன் அடியைச் சுற்றி விளக்குக் காவலர்கள் குடியிருந்த வட்ட வீடு இன்றும் நிற்கிறது. எனக்கு அங்கே மிகவும் பிடித்த கட்டடம் அதுதான்.

இதுவரை கரை நகர்ந்தது, விளக்கும் கூடவே நகர்ந்தது. ஐந்தாவது விளக்கின் கதை அப்படியில்லை. பக்கத்திலேயே அணுமின் நிலையம் எழுந்தது. அதன் கட்டடங்கள் விளக்கொளியை மறைக்கும் என்ற நிலை. அதனால் 1961-இல் 43 மீட்டரில் கறுப்பு வெள்ளைப் பட்டையோடு புதிய கோபுரம் வந்தது. இரவில் அந்தக் கோபுரத்தின் மீதே வெளிச்சம் பாய்ச்சுகிறார்கள். வலசைப் பறவைகள் இருட்டில் மோதிச் சாவது அதனால் குறைந்தது. அந்த அக்கறையை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அணு உலையை அந்த இடத்தில் வைத்தது பெரிய தவறு என்றே சொல்வேன். அது நிற்பது அலை அரிக்கும் தெற்குக் கரையில். விளக்கைப்போல இடித்து நூறு கஜம் தள்ளிக் கட்ட முடியாது. அதனால் கிழக்கே சேரும் கல்லை லாரி லாரியாக அள்ளிவந்து அரிக்கும் பக்கம் கொட்டுகிறார்கள். கடல் கொண்டுபோகிறது, திரும்ப அள்ளுகிறார்கள். கல்மேட்டில் ஒரு லாரித் தடம் விழுந்தால் பல பத்தாண்டுகளுக்கு மறையாது. அடுக்கு கலைந்த இடத்தில் செடி சுலபத்தில் முளைப்பதுமில்லை.

அங்கே இருப்பது இரண்டு அணுமின் நிலையங்கள். முதலாவதை 2006-இல் மூடினார்கள். இரண்டாவது 2018-க்குப் பிறகு மின்சாரம் தரவேயில்லை. 2021-இல் அதையும் மூடுவதாக அறிவித்தார்கள். ஆனாலும் உலைகளைப் பிரித்து அகற்றும்வரை கரையைக் காத்துத்தான் ஆக வேண்டும். கடற்கரையில் அசையாத எதையும் கட்ட அனுமதி கொடுப்பவர்கள், முதலில் டன்ஜனெஸின் 1615, 1635, 1792, 1904 வரைபடங்களை வரிசையாக மேசையில் விரித்துப் பார்க்க வேண்டும்.