முதல் ரெக்கார்டு அல்ல, ஆல்பத்துக்குப் பின் வந்தது

"பீட்டில்ஸின் முதல் ரெக்கார்டு 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' இ.பி.தான் (நான்கு பாடல் கொண்ட சிறு தட்டு), ஆல்பம் அதன் பிறகே வந்தது" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இது தலைகீழ்.

'லவ் மீ டூ' சிங்கிள் (ஒரு பாடலை முன்னிறுத்தும் தட்டு) 1962 அக்டோபரில் வந்தது. 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' ஆல்பம் 1963 மார்ச் 22. இந்த இ.பி. வந்ததோ ஜூலை 12 அன்று. அதிலுள்ள நான்கு பாடல்களும் அந்த ஆல்பத்திலிருந்தே எடுக்கப்பட்டவை, புதிதாக ஒன்றுகூட இல்லை. முழு ஆல்பமும் அடங்கிய பெரிய எல்.பி. தட்டு வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்கு ஏழு அங்குலத் தட்டு தோதாக இருந்திருக்கும். பிரிட்டனில் 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாடல் அப்போது தனி சிங்கிளாக வராததால், இ.பி.யே சிங்கிள் பட்டியலில் நான்காம் இடம்வரை ஏறியது. குழப்பம் இங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

தலைப்புப் பாடலும் அவர்கள் எழுதியதல்ல. ஃபில் மெட்லியும் பெர்ட் பர்ன்ஸும் எழுதியது. 1962இல் ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவினர் பாடிப் பிரபலமாக்கினார்கள். ஆனால் இதைப் பாடிய பீட்டில்ஸின் ஜான் லெனனின் அந்தக் கரகரப்பு வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. 1963 பிப்ரவரி 11 அன்று, ஒரே நாளில் பத்துப் பாடல்களைப் பதிவு செய்த களைப்பு, போதாததற்குச் சளி. தொண்டை கிழிந்துவிடும் என்று தெரிந்தே இதைக் கடைசிக்கு வைத்தார்கள். இரண்டாம் முறை பாட முயன்றபோது குரலே இல்லை. நாம் கேட்பது முதல் முயற்சியைத்தான்.

குண்டுவீச்சில் இடிந்த இடத்தில் நால்வரும் குதிக்கும் இந்த இ.பி.யின் அட்டைப்படம் அருமை என்றும் அவர் சொன்னார், அதில் மறுப்பே இல்லை.