கைக்கு வராத பணத்தின் கணக்கு

"செலவைக் கட்டுப்படுத்த வேண்டுமா, இந்தச் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கா செலவுக் கணக்கு தெரியாது? மளிகைப் பாக்கி, பிள்ளையின் பஸ் காசு, குழுக் கடன் தவணை எல்லாம் விரல் நுனியில் நிற்கும். தெரியாமல் வைக்கப்பட்டிருந்தது வரவுக் கணக்கு. சம்பளத்தில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள், பிடித்தது உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் பல வீடுகளில் பதில் இருக்காது.

போன் உண்மையில் உதவுவது அங்கேதான். எங்கள் தோட்டத்து லைன் வீடுகளில் (தொழிலாளர் குடியிருப்பில்) இருக்கும் ஓர் அக்கா உமங் என்ற அரசுச் செயலியில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பாஸ்புக்கைத் திறந்துகொண்டு வந்தார். "என்னிடம் 1,200 பிடிக்கிறார்கள். கம்பெனி 367 ரூபாய்தானே போட்டிருக்கிறது? இது என்ன நியாயம் தம்பி?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்விதான். பி.எஃப். கணக்கில் வரும் சம்பளம் 10,000 என்றால் 12 சதவீதம், அதாவது 1,200 ரூபாய், தொழிலாளியிடம் பிடிக்கப்படும். கம்பெனியும் அதே 1,200 கட்ட வேண்டும். ஆனால் அதில் 8.33 சதவீதமான 833 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும். மிச்சம் 367 மட்டும் பி.எஃப். கணக்கில் சேரும். பக்கத்துக் கட்டத்தில் அந்த 833 இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அடுத்த நொடியே அக்கா மேலே தள்ளிப் பழைய மாதங்களைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். எந்த மாதமாவது பணம் கட்டாமல் விட்டிருக்கிறார்களா என்று தேடினார். நான் சொல்லிக் கொடுக்காத வேலை அது.

இணையம் கிடைக்காத சரிவுகளில் 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் பி.எஃப். இருப்பு குறுஞ்செய்தியாக வரும். பி.எஃப். கணக்கில் பதிவு செய்த எண்ணிலிருந்து அழைக்க வேண்டும்.

கூகுள் பே, போன்பே பற்றி எனக்கு அந்த அளவுக்கு உற்சாகம் இல்லை. டீக்கடைக்குக் கொடுத்த பத்து ரூபாய் வரை பட்டியல் நீளும். யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்? செயலியிலேயே கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைத்துச் செலவழிக்கும் யுபிஐ லைட்டில் போட்டால் சில்லறைச் செலவு வங்கிப் பாஸ்புக்கில் தனித்தனியாக வராது. பாஸ்புக் சுத்தமாக இருக்கும் என்பது உண்மை. பணம் எங்கே போனது என்று அதில் தேடுகிறவருக்குத்தான் சங்கடம்.

என் ஆதங்கம் வேறு. சம்பளம் வங்கிக்கு வருகிறது, பி.எஃப். போனில் தெரிகிறது. இவற்றுக்கெல்லாம் அடிப்படையான, பறித்த கொழுந்தின் கிலோ கணக்கு மட்டும் பல இடங்களில் இன்னும் எடை போடுகிறவரின் நோட்டில்தான் கிடக்கிறது. சாக்குக்கு இவ்வளவு, மழை நாளில் ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழிப்பது எந்தச் செயலியிலும் தெரிவதில்லை. பறித்தது எத்தனை கிலோ, கழித்தது எத்தனை என்று அன்று மாலையே பறித்தவரின் போனுக்கு ஒரு வரி அனுப்பினால் என்ன? தராசு பல இடங்களில் மின்னணுத் தராசாகிவிட்டது. அனுப்புவதற்கு மனம்தான் வேண்டும்.