பத்தாயிரம் காலடி: யார் போட்ட கணக்கு?

"தினமும் 10,000 அடி நடந்தால்தான் பலன், குறைந்தால் நடந்தும் வீண். மருத்துவர்கள் வகுத்த அளவு இது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு.

இந்த எண் பிறந்தது ஆய்வகத்தில் அல்ல, விளம்பரத்தில். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965-ல், ஜப்பானில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவி ஒன்று விற்பனைக்கு வந்தது. பெயர் 'மான்போ-கெய்'. அதாவது, 'பத்தாயிரம் அடி மானி'. முழு எண், சொல்லவும் எளிது, ஒட்டிக்கொண்டது.

2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள சுமார் 17,000 பெண்களிடம் நடந்த ஆய்வு வேறு கதை சொல்கிறது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-ஐத் தாண்டிய பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. இளையவர்களுக்கு இந்த எல்லை சற்று மேலே போகலாம். ஆனால் 4,000 அடி வீண் என்பது சுத்தப் பொய்.

உலக சுகாதார நிறுவனம் அடிக்கணக்கே சொல்லவில்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு என்று நேரக்கணக்குதான் சொல்கிறது.

இரவு பதினொரு மணிக்கு, கைக்கடிகாரம் 9,400-ல் நிற்கிறதே என்று கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தவன்தான் நானும். இப்போது படுத்துவிடுகிறேன்.